பல்லும் பணமும்

பல் வலியைப் பற்றி எழுதுவதற்கு ஒரு யோக்கியதை வேண்டுமானால், அது எனக்குப் பரிபூரணமாக உண்டு. என் கீழ்த்தாடையின் இடப் பக்கத்தில் இப்போது ஒரு பல் இல்லை. அந்தப் பல்லை இழப்பதற்கு நான் 11,000 ரூபாய் செலவழித்தேன். பணத்தைக் கொடுத்துப் பல்லைக் காப்பாற்றிக்கொண்டவர்களை நீங்கள் அறிந்திருப்பீர்கள். பணத்தையும் கொடுத்துப் பல்லையும் கொடுத்தவளின் கதை இது. சில்லறைக் காசோடு பல்லைக் காப்பாற்றிக்கொண்ட ஒரு பையனின் கதையும் இதனோடு சேர்ந்திருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பிறகுதான், பல் வைத்தியம் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு ஏன் எட்டாக் கனியாக இருக்கிறது என்பது எனக்கு ஒருவாறு விளங்கிற்று.

முதலில் என் கதை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் அந்தப் பல் சுரீரென்றது. நான் வெந்நீர் குடிக்கத் தொடங்கினேன். இனிப்பு பட்டால் கூசிற்று. வலப் பக்கத்தால் மெல்லப் பழகிக்கொண்டேன். பெரியவனுக்குக் கல்லூரிக் கட்டணம், சின்னவளுக்குப் பள்ளிக் கட்டணம், மாமியாருக்குக் கண்புரை சிகிச்சை என்று மாதந்தோறும் ஏதாவது ஒரு செலவு என் பல்லுக்கு முன்னால் வந்து வரிசையில் நின்றுகொண்டது. "ஒரு நடை போய்க் காட்டிக்கொண்டு வந்துவிடேன்" என்று அவர் சொல்லத்தான் செய்தார். "அடுத்த மாதம் ஆகட்டும்" என்று நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். இராத்திரியில் வலித்தால் ஒரு கிராம்பு. அதற்கும் அடங்காவிட்டால் ஒரு மாத்திரை. கிராம்பு வலியை மரக்கச் செய்யுமே தவிர, பல்லில் விழுந்த குழியைத் தூர்க்காது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் போதிக்கிற எனக்கு இது தெரியாத விஷயமல்ல. தெரிந்திருந்தும் ஒன்றரை வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

பிறகு ஒருநாள் காலையில் கன்னம் வீங்கிப் போய், வகுப்பில் வாயைத் திறக்க முடியாத நிலை வந்தது. அன்றைக்குத்தான் வைத்தியரிடம் போனேன். வேர் வரைக்கும் சீழ் பிடித்திருக்கிறது என்றார். வேர் சிகிச்சை, மேலே ஒரு தொப்பி, எக்ஸ்ரே, மருந்து எல்லாம் சேர்ந்துதான் அந்த 11,000 ரூபாய். ஆறு மாதம் கழித்துப் பல் வேரோடு பிளந்துவிட்டது. வைத்தியர் மீது நான் குறை சொல்லவில்லை. அவர் கையில் நான் கொடுத்தது பல்லே அல்ல, பல்லின் கூடு. "அம்மா, குளிர்ந்த தண்ணீர் கூசிய அன்றைக்கே வந்திருந்தால் சில நூறு ரூபாயில் அடைத்து அனுப்பியிருப்பேனே!" என்று அவர் சொன்னபோது, பல் வலியைக் காட்டிலும் அந்த வார்த்தைதான் அதிகமாக வலித்தது.

பல் கெடுவது ஒரு படிக்கட்டைப் போன்றது. நாம் தின்னும் இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் வாயிலுள்ள கிருமிகள் புளிக்க வைத்து அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் வெள்ளை ஓட்டை அரிக்கிறது. இது முதற்படி. ஓட்டுக்கு உணர்ச்சி கிடையாதாகையால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஓட்டைத் துளைத்து உள்ளே போனதும் கூச்சம் ஆரம்பிக்கிறது. இது இரண்டாம் படி. இன்னும் உள்ளே, நரம்பும் இரத்தமும் ஓடுகிற நடுப்பகுதியை எட்டியதும் இராத் தூக்கம் போகிறது. நாலாம் படியில் வேரின் அடியில் சீழ் கட்டுகிறது. ஒவ்வொரு படியிலும் செலவு பல மடங்காகப் பெருகுகிறது. முதற்படியில் பிரஷும் பற்பசையுமே போதும். இரண்டாம் படியில் சில நூறு ரூபாய். மூன்றாம் படியில் சில ஆயிரம். பல்லைப் பிடுங்கிவிட்டுத் தாடை எலும்பில் திருகு பொருத்திப் புதுப் பல் கட்டிக்கொள்ள வேண்டுமென்றால் பல பதினாயிரம். பல் வைத்தியம் அதிகச் செலவு என்று அஞ்சி நாம் தள்ளிப்போடுகிறோம். தள்ளிப்போடுவதனாலேயே அது அதிகச் செலவாகிறது. இந்தச் சக்கரத்தை எங்கே உடைப்பது?

இதற்கு விடை சொல்லிக் கொடுத்தவன் என் வகுப்பிலுள்ள ஒரு பையன். பதின்மூன்று வயது. ஆற்றங்கரைப் பக்கத்துச் சந்து ஒன்றிலிருந்து வருகிறவன். கெட்டிக்காரன்தான். ஆனால் திடீரென்று பத்து நாளாக மேஜைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கு "ம்" என்றுகூடச் சொல்லாமல் இருந்தான். சோம்பேறித்தனம் என்று எண்ணி இரண்டு நாள் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். மூன்றாம் நாள் பக்கத்துப் பையன் எழுந்து, "டீச்சர், அவனுக்குப் பல்லு வலி. ராத்திரியெல்லாம் தூங்குவதில்லையாம்" என்றான். கன்னத்தில் கை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. என் கன்னத்தில் சில மாதங்களுக்கு முன் நான் உணர்ந்த அதே சூடு. என்னுடைய பல் வலி எனக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டியதை மறந்து, ஒரு குழந்தையை வைதுவிட்டேனே என்று வெட்கமாயிருந்தது.

மறுநாள் அவனுடைய தாயார் வந்தாள். நந்தனம் பக்கத்தில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறவள். "டீச்சரம்மா, ஒரு இடத்தில் காட்டினேன். பல்லைக் காப்பாற்ற ஏழாயிரம் ஆகும் என்கிறார்கள். பிடுங்கிவிட்டால் ஐந்நூறோடு போகும். பிடுங்கிவிடலாம் என்று இருக்கிறேன். விழுந்து முளைக்கிற பல்தானே?" என்றாள்.

அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். அது விழுந்து முளைக்கிற பல் அல்ல. ஆறு வயதுப் பல் என்று அதைச் சொல்லலாம். குழந்தைக்கு ஆறு வயதாகும்போது, பாற்பல் ஒன்றும் விழாமலே, கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் தானாக முளைக்கிறது. எதுவும் விழாததனால் அதையும் பாற்பல் என்றே தாய்மார் எண்ணிவிடுகிறார்கள். ஆயுள் முழுவதும் அரைத்துக் கொடுக்க வேண்டிய பல் அதுதான். மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருப்பதால் முதலில் சொத்தையாவதும் பெரும்பாலும் அதுதான். பதின்மூன்று வயதில் அதைப் பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்ப்பல் இறங்கும், மெல்லும் சக்தி குறையும். ஐந்நூறு ரூபாயோடு போகிற காரியம் அல்ல. இதைப் படிக்கும் தாய்மார்கள் இன்றைக்கே தங்கள் குழந்தைகளின் வாயைத் திறந்து, அந்தப் பல் எப்படி இருக்கிறதென்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

"அம்மா, பிடுங்க வேண்டாம். நாளைக்குக் காலையில் நானும் வருகிறேன்" என்றேன்.

சைதாப்பேட்டை ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினோம். மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர், பூங்கா என்று வரிசையாக வந்து, கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே இருக்கிறது அரசினர் பல் மருத்துவக் கல்லூரியும் அதன் ஆஸ்பத்திரியும். 1953-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. பின்னால் தனிக் கல்லூரியாயிற்று. இத்தனை வருஷமாக இந்த ஊரில் இருந்துகொண்டு, ஒரு காப்பியின் விலைக்கும் குறைந்த டிக்கெட்டில் போய்ச் சேரக்கூடிய இந்த இடத்துக்கு நான் ஏன் என் பல்லைக் கொண்டுபோகவில்லை என்று யோசித்தேன். காரணம் ஒன்றுதான். அங்கே ஏழைகள் போவார்கள். நாம் போவதா என்கிற எண்ணம். அந்த எண்ணத்துக்கு நான் கொடுத்த விலைதான் 11,000 ரூபாய்.

சீட்டு வாங்கினோம், காத்திருந்தோம். கூட்டம் நிறைய. ஆனால் ஒழுங்கு இருந்தது. மேற்படிப்புப் படிக்கும் ஓர் இளம் பெண் வைத்தியர் பையனின் வாயைப் பார்த்து, எக்ஸ்ரே எடுக்கச் செய்தார். பிறகு அவருடைய ஆசிரியர் வந்து பார்த்தார். "பல் பிழைக்கும். ஆனால் நாலு தடவை வர வேண்டும்" என்றார். மாணவர்கள் கையில் நம் வாயை ஒப்படைப்பதா என்று பலர் தயங்குவதுண்டு. நானோ ஓர் ஆசிரியை. ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது மாணவன் எவ்வளவு கவனமாகக் கணக்குப் போடுவான் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணும் ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் தலையசைத்த பிறகே அடுத்த வேலையைத் தொட்டார். தனி வைத்தியசாலையில் அரை மணியில் முடிகிற வேலைக்கு இங்கே இரண்டு மணி ஆயிற்று. ஆனால் பல் பிழைத்தது.

காசு குறைகிற இடத்தில் காலம் கூடுகிறது என்பதை மறைக்கக் கூடாது. நாலு தடவை என்றால் அந்தத் தாய்க்கு நாலு காலை வேலை போயிற்று. ஒரு வீட்டில் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்களாம். ஆகையால் மூன்றாம் தடவையும் நாலாம் தடவையும் நானே பையனை அழைத்துக்கொண்டு போனேன். இலவச வைத்தியம் என்பது எல்லோருக்கும் இலவசமாகிவிடுவதில்லை. அன்றாடக் கூலிக்குப் போகிறவர்களுக்கு அதற்கும் ஒரு கட்டணம் உண்டு. அது சீட்டில் எழுதப்படுவதில்லை.

அங்கே வரிசையில் காத்திருந்த நேரத்தில், நம் தேசத்துப் பல் வைத்தியக் கல்வியின் ஆதி கதையைப் பையனுக்குச் சொன்னேன். டாக்டர் ரஃபியுத்தீன் அகமது என்பவர் அமெரிக்காவில் பல் வைத்தியம் கற்றுத் திரும்பி, 1920-இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் வைத்தியக் கல்லூரியைத் தொடங்கினார். அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? "நியூயார்க் சோடா ஃபவுண்டன்" என்று ஒரு ஐஸ்கிரீம் கடை வைத்து, அதன் வருமானத்தில்! "ஐஸ்கிரீம் விற்றுப் பல் ஆஸ்பத்திரியா?" என்று பையன், வலியையும் மறந்து சிரித்தான். வேடிக்கைதான். ஆனால் இனிப்பு விற்ற காசு பல்லுக்கே போய்ச் சேர்ந்ததில் ஒரு நியாயமும் இருக்கிறது. 1949-இல் அந்தக் கல்லூரியையே அவர் மேற்கு வங்க சர்க்காருக்குக் கொடுத்துவிட்டார். இன்று தேசத்தில் 300-க்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னையைச் சுற்றிலும் போரூர், இராமாபுரம், மதுரவாயல் என்று பல இடங்களில் தனியார் கல்லூரிகள் உண்டு. மாணவர்கள் பழகுவதற்கு நோயாளிகள் வேண்டுமாகையால், அவற்றின் ஆஸ்பத்திரிகளிலும் வெளியிடங்களைவிடக் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை செய்கிறார்கள். நடுத்தரக் குடும்பத்தினர் கௌரவம் பாராமல் இவற்றை உபயோகித்துக்கொள்ள வேண்டும்.

தனி வைத்தியரிடமே போகிறவர்களும் சில கேள்விகளைக் கூசாமல் கேட்கலாம். செய்ய வேண்டிய வேலைகளையும் அவற்றின் செலவையும் ஒரு தாளில் எழுதித் தரும்படி கேளுங்கள். எது உடனே செய்ய வேண்டியது, எது ஆறு மாதம் பொறுக்கும் என்று கேளுங்கள். பின்கடைவாய்ப் பல்லுக்குப் போடும் தொப்பி வெண்மையாக இருந்தாக வேண்டுமா, உலோகத் தொப்பி போதுமா என்று கேளுங்கள். உலோகம் விலை குறைந்தது. அரைக்கிற பல்லுக்கு உறுதியானது. கொட்டாவி விடும்போது மட்டும் தெரிகிற பல்லுக்கு அழகு எதற்கு? பணத்தைத் தவணையில் கொடுக்கலாமா என்று கேட்பதிலும் அவமானம் ஒன்றுமில்லை. நல்ல வைத்தியர் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் மலிவு என்பதற்காக, படிப்பும் பதிவும் இல்லாதவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அப்படிப்பட்டவர்களிடமிருந்து ஜனங்களைக் காப்பதற்கென்றே 1948-இல் பல் வைத்தியர் சட்டம் இயற்றினார்கள். சுத்தம் செய்யாத கருவியோடு வருகிற நோய்க்கு எந்த மலிவும் ஈடாகாது.

இனி வீட்டுச் செலவுக் கணக்கு. ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் முன்னோர் போற்றினார்கள். அவர்கள் காலத்தில் பகலெல்லாம் பிஸ்கோத்தும் மிட்டாயும் கொறிக்கிற வழக்கம் கிடையாது. இன்றைய தீனிக்கு இன்றைய காவல் வேண்டும். காலையில் ஒரு முறை, இரவு படுக்கப் போகுமுன் ஒரு முறை பல் துலக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இரவையே தேர்ந்தெடுங்கள். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் கிருமிகளுக்கு அதுதான் வேட்டைக் காலம். பற்பசை வாங்கும்போது மேலே போட்டிருக்கும் படத்தைப் பார்க்காமல், ஃபுளோரைடு இருக்கிறதா என்று பாருங்கள். ஃபுளோரைடு பல்லின் ஓட்டை உறுதிப்படுத்துகிறது. மூன்று வயதுக்குள் அரிசியளவு, ஆறு வயதுக்குள் பட்டாணியளவு போதும். விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் நிறையப் பிதுக்குவது பற்பசைக் கம்பெனிக்குத்தான் நல்லது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்து பற்களைக் கறைப்படுத்தியது. அதற்காகவே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் ஏற்பட்டு, 2013-இல் நிறைவேறிற்று. அத்தகைய ஊர்களிலுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் பற்பசைக்கும் பிரஷுக்கும் வரி நூற்றுக்கு 18-லிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. அந்த மட்டில் சர்க்காருக்கு நன்றி சொல்லலாம்.

நன்றி சொன்ன வாயால் ஒரு விண்ணப்பமும் செய்துகொள்கிறேன். எந்த தேசத்திலும் செலவைச் சுருக்க நினைக்கிறபோது சர்க்காரின் கத்தரிக்கோல் முதலில் பல்லைத்தான் தேடுகிறது. பிரிட்டனில் 1948 ஜூலையில் எல்லோருக்கும் இலவச வைத்தியம் என்று தொடங்கினார்கள். மூன்றே வருஷத்தில், 1951-இல், பொய்ப்பல்லுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் விதித்தார்கள். திட்டத்தை உருவாக்கிய பெவன் அதைச் சகியாமல் மந்திரி பதவியையே துறந்தார். நம் நாட்டு வைத்திய இன்ஷ்யூரன்ஸ் பத்திரங்களைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில், விபத்தில் உடைந்தாலன்றிப் பல்லுக்குப் பணம் இல்லை. பல் உடம்பைச் சேர்ந்ததல்ல என்பது அவர்கள் சித்தாந்தம் போலும்! ஆனால் உலகத்தில் ஏறக்குறைய பாதிப் பேர், சுமார் 350 கோடி ஜனங்கள், வாய் நோய்களால் அவதிப்படுகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022-இல் அறிவித்தது.

வழி இல்லாமல் இல்லை. நியூசிலாந்து என்னும் சின்ன நாடு, 1921-ஆம் வருஷத்திலேயே இளம் பெண்களைப் பல் நர்ஸுகளாகப் பழக்கத் தொடங்கி, பின்னர் அவர்களைப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பிற்று. குழந்தை வைத்தியரைத் தேடிப் போகவில்லை. வைத்தியம் குழந்தையைத் தேடி வந்தது. இன்றைக்கு அந்த வேலை இன்னும் சுலபம். சொத்தையின் மேல் தடவினால் அது மேலே பரவாமல் நிறுத்துகிற வெள்ளி-ஃபுளோரைடு மருந்து ஒன்று உண்டு. சொத்தையான இடம் கறுத்துப் போகும் என்பதைத் தவிர வேறு பெரிய குறை இல்லை. துளைக்கும் இயந்திரமோ மின்சாரமோ இல்லாமல் கைக் கருவியால் சுரண்டி அடைக்கிற முறையும் இருக்கிறது. இந்த மருந்தையும், அடைக்கும் சிமென்டையும், ஃபுளோரைடு பற்பசையையும் உலக சுகாதார ஸ்தாபனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துகளின் ஜாபிதாவில் சேர்த்தது. 2013-இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்படி பள்ளிக் குழந்தைகளை வைத்தியர்கள் பார்வையிடும்போது, பற்களையும் பார்க்க வேண்டும் என்பது ஏற்கெனவே விதி. பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பதோடு நிற்காமல், அந்த இடத்திலேயே மருந்து தடவி, குழியை அடைத்து அனுப்பினால் என்ன? படித்துவிட்டு நகரங்களில் வேலை தேடும் இளம் பல் வைத்தியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பள்ளிகளோ அவர்களுக்காகக் காத்திருக்கின்றன. இடையில் ஒரு பாலம் போடுவது சர்க்காரால் ஆகாத காரியமல்ல. அந்தத் தாய்க்கும் நாலு காலைக் கூலி மிஞ்சும்.

அது வருகிற வரைக்கும் என் வகுப்பில் நானே ஒரு சிறு ஏற்பாடு செய்திருக்கிறேன். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை கடைசிப் பாட வேளையில் ஒவ்வொருவரும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். கரும்புள்ளியோ குழியோ தென்பட்டால் பெயரைக் குறித்துக்கொண்டு, பெற்றோருக்குச் சொல்லி அனுப்புகிறேன். கோட்டை ஸ்டேஷனுக்கு வழியும் எழுதிக் கொடுக்கிறேன். என் பெண்ணையும் அழைத்துக்கொண்டு போனேன். அவளுடைய ஆறு வயதுப் பல்லின் பள்ளங்களை மூடிவிட்டார்கள்.

அந்தப் பையன் இப்போது மேஜைமேல் தலை சாய்ப்பதில்லை. சென்ற வாரம் பாடத்தின் நடுவே எதையோ நினைத்துக்கொண்டு வாய் நிறையச் சிரித்தான். "ஏண்டா பல்லைக் காட்டுகிறாய்?" என்று வழக்கம்போல் அதட்ட வாயெடுத்தேன். அவன் சிரிப்பில் அந்தப் பல் தெரிந்தது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.